பெண்கள் பகுதிக்கு மேல்மாடி

"மிசினு ஓடிக்கிட்டிருக்குக்கா, சட்டியக் கைமாத்துங்க, அப்பறம் பேசிக்கலாம்…"

"ஓடட்டும் சார். இந்த லாரித் தண்ணி எங்கன எடுத்ததுன்னு சொல்லிட்டு…"

"எங்கன எடுத்தா ஒங்களுக்கென்ன?"

"எங்க ஊரு நல்ல தண்ணிக் கிணத்துல எடுத்தா எனக்கென்னவா?"

நாகலெட்சுமி கலவைச் சட்டியைக் கீழே வைத்தாள். சாரத்தில் வரிசையாக நின்ற பெண்களின் கைகள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. புதுச் சிறையின் பெண்கள் பகுதிக்குக் கூரை பாதிதான் போட்டிருந்தது. காலையில் கம்பிக்குச் சூடம் காட்டி, சேவல் அறுத்துத் தொடங்கிய வேலை. தொடங்கினால் ஒரே மூச்சில் முடித்துவிட வேண்டும். நடுவில் நின்றால் ஒட்டு விழுந்த இடம் காலத்துக்கும் ஒழுகும்.

இன்ஜினியர் தனுஷ் குரலைத் தணித்தான். "உப்புத் தண்ணியில போட்டா கம்பி துருப்பிடிச்சிரும்க்கா. அதான் நல்ல தண்ணி."

"அந்த உப்புத் தண்ணிய எங்க புள்ளைக குடிச்சாத் துருப்பிடிக்காதாக்கும்?" என்றாள் சாரத்து மேலிருந்து கோகிலா. சிரிப்பு படிப்படியாகக் கீழே இறங்கியது.

"இது அரசாங்க வேலை. இன்னும் இருவது வருசத்துல எத்தன பேரு உள்ள வருவாங்க, எத்தன பேரு பரோல்ல போயித் திரும்புவாங்கன்னு கம்ப்யூட்டர்ல கணக்குப் போட்டுத்தான் கட்டுறோம். இந்தப் பக்கம் பொம்பளைங்க எண்ணிக்கை சடசடன்னு ஏறுது. அதான் மேல ஒரு மாடி."

"அதெப்படி முன்னக்கூட்டியே தெரியும்?"

"ஏற்கெனவே வந்தவங்கள வச்சுத்தான். ஒரு வருசம் திடீர்னு கூடியிருக்கு. அதே வேகத்துல போனா…"

"எந்த வருசம்?"

அவன் போனைத் தேய்த்துப் பார்த்துச் சொன்னான். பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். காலிக் குடங்களோடு அவர்கள் கிழக்குக் கடற்கரைச் சாலையை மறித்த வருடம் அது. மறித்தவர்கள் அத்தனை பேரையும் வேனில் ஏற்றி ரிமாண்டில் வைத்தார்கள்.

"அது நாங்க சார்," என்றாள் நாகலெட்சுமி. "களவாண்டுட்டா போனோம்? தண்ணி கேட்டுப் போனோம். அதுக்கப்பறந்தான் அந்தக் கிணத்தையே வெட்டிக் குடுத்தாக."

தனுஷ் போனைப் பைக்குள் போட்டான். கலவை இயந்திரம் சும்மா சுற்றிக்கொண்டிருந்தது. கடல் காற்றில் கூரையின் ஓரம் வெளுத்து இறுகத் தொடங்கியிருந்தது.

"ஏலே ராக்கப்பா, சாவிய எடுத்துக்கிட்டு எறங்கு," என்று லாரியைப் பார்த்துக் குரல் கொடுத்தாள் நாகலெட்சுமி.

லாரி ஓட்டும் ராக்கப்பனும் அதே ஊர்க்காரன்தான். இன்ஜினியரைப் பார்த்தான், நாகலெட்சுமியைப் பார்த்தான், சாவியை டவுசர் பைக்குள் போட்டுக்கொண்டு இறங்கினான். நாகலெட்சுமி லாரியின் முன்சக்கரத்தில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தாள். சாரத்திலிருந்து இறங்கி வந்தவர்கள் அவளை ஒட்டி உட்கார்ந்தார்கள்.

"வேலையத் தடுத்தா கேசாயிரும்க்கா. போலீசக் கூப்புட வேண்டியிருக்கும். பெறகு என்னையச் சொல்லக் கூடாது."

அவள் முழங்கையில் காய்ந்திருந்த சிமெண்டை நகத்தால் உரித்தாள்.

"கூப்புடுங்க தம்பி. சாயங்காலத்துக்குள்ள எங்க ஊருப் பொம்பளைக அம்புட்டுப் பேரும் இங்கன வந்துருவாக. ஒரு மாடி பத்துமான்னு ஒங்க கம்ப்யூட்டர்ல கேட்டுச் சொல்லுங்க."