ரிசீவரில் வந்த கை

புதிய தொலைபேசிக் கம்பெனியில் சேர்ந்த மறுவாரமே, கீழ்வீட்டு இளையவளின் ரிசீவரிலிருந்து அவள் கணவனின் வலது கை முழங்கை வரை வெளியே வந்து, தலை வலிக்கிறது என்று அவள் சொன்ன இடத்தைப் பிடித்துவிட்டது. கை அவனுடையதுதான், சந்தேகமில்லை. கட்டைவிரலில் பழைய தீக்காயம் இருந்தது. தெருவில் யாரும் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அந்த வருடம் தண்ணீர் வராததே பெரிய பேச்சாக இருந்தது. இஸ்திரிப் பெட்டியைத் திருப்பிக் கொடுக்கக் கீழே வந்து, வாசலிலேயே நின்று அதைப் பார்த்துவிட்ட மூத்தவளுக்கு மட்டும் வயிறு பற்றி எரிந்தது.

எரியாதா பின்னே? அண்ணனும் தம்பியும் கடல் கடந்து ஒரே கண்ணாடித் தொழிற்சாலையில் வேலை, ஒரே அறையில் படுக்கை. இங்கே மூத்தவன் மனைவி மாடியில் தையல் மெஷினோடு, இளையவன் மனைவி கீழே. உள்ளூர்ப் பேச்சுக்கு ஒரே கம்பெனிதான். வெளிநாட்டுப் பேச்சுக்கு மட்டும் இரண்டில் ஒன்றை அவரவர் தேர்ந்தெடுக்கலாம் என்று ஆனபோது, ஏஜெண்ட் ஒருவர் வியர்க்க விறுவிறுக்க வீடு வீடாக ஏறி இறங்கினார். மூத்தவள் நாலு பேரிடம் விசாரித்து, பேர்பெற்ற பழைய கம்பெனியைத் தனக்கு எடுத்துக்கொண்டாள். “எனக்கு எது நல்லதுக்கா?” என்று இளையவள் வந்து கேட்டபோது, யாரும் கேள்விப்படாத புதுக் கம்பெனியைக் காட்டி, “உனக்கு இது போதும்டி” என்றாள். இப்போது பார்த்தால் பழைய கம்பெனியில் குரல் மட்டும் வருகிறது, புதுக் கம்பெனியில் கையே வருகிறது. நாமே எடுத்துக் கொடுத்தோமே என்ற நினைப்பில் அவள் இரண்டு ரவிக்கைகளுக்குக் கையை மாற்றித் தைத்தாள்.

பிறகு அவளும் புதுக் கம்பெனிக்கு மாறினாள். தலைக்கு எண்ணெய் வைத்து, முகம் கழுவி, நாற்காலியைப் போனுக்கு அருகில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கணவனிடம் என்ன பேசினாள் என்கிறீர்கள்? எல்லாம் இளையவள்தான். “சிவப்புச் சீப்பு வச்சிருக்கா, உங்க தம்பி அனுப்பினதாம். கிளிப்பு வெள்ளியாம். பூப்போட்ட செருப்பு வேற.” ஒவ்வொரு வாரமும் இதே பாட்டு. கை வரவில்லை. ஒரு விரல்கூட எட்டிப் பார்க்கவில்லை. கூப்பிட்டு அனுப்பிய ஏஜெண்ட் ரிசீவரைத் தட்டினார், ஊதினார், காதில் வைத்துக் கேட்டார். “லைன் சுத்தமா இருக்கும்மா. கை வர்றதுக்கெல்லாம் கம்பெனி பொறுப்பு கிடையாது” என்று சொல்லிவிட்டுப் போனார்.

இதற்கிடையே கீழ்வீட்டில் சாமான்கள் காணாமல்போயின. முதலில் சீப்பு, அப்புறம் கிளிப்பு, செருப்பில் ஒன்று. “நீங்க எடுத்தீங்களாக்கா?” என்று இளையவள் நேராகவே கேட்டாள். “உன் சீப்பு எனக்கு எதுக்குடி?” என்றாள் மூத்தவள், உண்மையாகவே அவள் தொடவில்லை. அன்றிலிருந்து இளையவள் கதவைப் பூட்ட ஆரம்பித்தாள். என்னைத் திருடி ஆக்கிவிட்டாள், பித்தளைப் பூட்டு தொங்குகிறது என்று மூத்தவள் அதையும் போனில் சொல்லி அழுதாள். மறுநாள் பூட்டைக் காணோம்.

அடுத்த முறை கூப்பிட்டபோது கணவன் வெடித்துவிட்டான். “நீ பேசப் பேச அவ சாமானெல்லாம் இங்க என் கட்டில்ல வந்து விழுது. கடைசியா பூட்டு. தம்பி என் மூஞ்சியைப் பாக்கிறதில்ல, சோத்தைத் தூக்கிட்டு வெளிய போய்ச் சாப்பிடுறான். நான் என்னன்னு சொல்லுவேன்? உன்னோடதுன்னு ஒரு குண்டூசிகூட இங்க வரலியே.”

அவள் மெஷினைப் பார்த்தாள், தன் கையைப் பார்த்தாள்.

“விரல்ல ஊசி ஏறிடுச்சுங்க” என்றாள். “வீங்கிக் கிடக்கு. நீங்க கேக்கவே இல்ல.”

“நீ சொல்லவே இல்லையேம்மா.”

அப்போதுதான் கை வந்தது. வந்த கையில் சிவப்புச் சீப்பு இருந்தது. மூத்தவள் பல்லைக் கடித்துக்கொண்டு வாங்கி மேஜைமேல் வைத்தாள். கை உள்ளே போய்க் கிளிப்போடு வந்தது, செருப்போடு வந்தது, பூட்டோடு வந்தது. கடைசியாக வெறுங்கையாக வந்து, தடவித் தேடி, அவளுடைய வீங்கிய விரலைப் பிடித்துக்கொண்டது.

மற்ற சாமான்களோடு பூட்டும் கீழ்வீட்டுக்குத் திரும்பியது, இளையவள் அதை மறுபடி மாட்டவில்லை. அங்கே தம்பியும் அறைக்குள் வந்து சாப்பிட ஆரம்பித்தான். ஒருநாள் நூல்கண்டு கேட்க மாடிக்கு வந்த இளையவள், ரிசீவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். “உங்களுக்குத் தோள் வரைக்கும் வருதேக்கா” என்றாள். அன்று இளையவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மூத்தவள் கழுத்தில் கிடந்த டேப்பை எடுத்து அந்தக் கையை அளந்து குறித்துக்கொண்டாள். பிறகு ரிசீவரிடம், “சட்டை தைக்கணும், மத்த கையையும் நீட்டுங்க” என்றாள்.