மேற்பார்வை

தரை மாற்றி முடிக்கும்வரை அக்கா வீட்டில் இருந்துகொள்ளலாம் என்று அவள் தலைபாடாக அடித்துக்கொண்டாள். கணவர் மசியவில்லை. "நாம பக்கத்துல இல்லேன்னா கண்டபடி ஒட்டிட்டுப் போயிடுவாங்க. இங்கதான் இருக்கணும்."

அடுப்பு, பிரிட்ஜ், துணிமூட்டை எல்லாம் படுக்கையறைக்குள் வந்து அடைந்தன. கட்டில்மேல் ஏறி இறங்காமல் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்க முடியவில்லை. அந்த மனிதரோ அறை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, கூடத்தில் கொத்தனார் பதித்த ஒவ்வொரு டைலுக்கும் ஒரு நொட்டை சொன்னார். கொத்தனார் வாயே திறக்காமல், அவர் காலடியில் தொடங்கிப் பின்பக்கமாகவே நகர்ந்து, சாயங்காலம் தெருக்கதவை அடைந்துவிட்டார்.

"முடிஞ்சுது சார். நாளைக்குக் காலை வரைக்கும் யாரும் மிதிச்சிடாதீங்க" என்று அங்கிருந்தே குரல் கொடுத்துவிட்டுக் கிளம்பினார்.

அப்போதுதான் கணவருக்கு உறைத்தது. கூடம் முழுக்க ஈரம். குளியலறை அந்தக் கோடியில். ஜன்னலில் கம்பி.

"பேசாம அக்கா வீட்டுக்கே போயிடலாமா?" என்றார் மெதுவாக.

"தாராளமா. ஜன்னல் கம்பியை அறுக்க ஆளைக் கூப்பிடுங்க" என்றாள் அவள். "பக்கத்துலயே உட்கார்ந்து, நேரா அறுக்குறானான்னு பார்த்துக்குங்க."