விரல்களுக்கு விடியாத காலை

காலை எட்டு மணிக்கு அவளுடைய விரல்கள் இன்னும் நடுராத்திரியில்தான் இருந்தன. பொய்ப்பல் செய்யும் கூடத்தில் பதினாறு வருடம் மெழுகில் பல் செதுக்கியவள், இப்போது பதினோரு மணிவரை மடியில் கையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மூட்டு வீக்கம்; அதுவரை விரல்கள் மடங்காது.

"இந்த மாசத்துக்குள்ள சரியாகலன்னா உன்னை பார்சல் கட்டுற மேசைக்கு மாத்திடுவேம்மா," என்று முதலாளியம்மா சொன்னபோது அவளுக்கு அழுகை வரவில்லை. யாருடைய கதையையோ கேட்பதுபோலத் தலையாட்டினாள்.

மாதம் முடிய நான்கு நாள் இருக்கும்போது கணவன் அவளை மறுபடி டாக்டரிடம் அழைத்துப்போனான்.

"ஆறு வாரம் மாத்திரை போட்டும் ஒண்ணும் கேக்கலயே," டாக்டர் ரிப்போர்ட்டைப் புரட்டினார். "எத்தனை மணிக்குப் போடறீங்க?"

"காலைல டாண்ணு ஏழு மணிக்கு," கணவன் முந்திக்கொண்டான். "நானே கையில கொடுத்துடுவேன்."

"ராத்திரி பத்துன்னு எழுதியிருந்தேனே?"

"எழுதியிருந்தீங்க. இவ ஒன்பதுக்கே அசந்துடறா டாக்டர். விடியற்காலைல வலி எழுப்பிடுது, தூங்குற அந்தக் கொஞ்ச நேரத்துல எழுப்ப மனசு வரல. எப்பப் போட்டா என்ன, வயித்துக்குள்ளதான போகுது?"

டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். "ஒவ்வொரு மூட்டுக்குள்ளயும் ஒரு கடிகாரம் ஓடுது. வீக்கம் அதைக் குழப்பிவிட்டுடும். வீக்கத்தைக் கிளப்புற சுரப்பு விடியற்காலைல உச்சத்துக்குப் போகும். இந்த மாத்திரை நாலு மணி நேரம் கழிச்சுத்தான் கரையும். பத்துக்குப் போட்டா ரெண்டு மணிக்குக் காவலுக்கு நிக்கும். நீங்க வெள்ளம் வடிஞ்சப்புறம் அணை கட்டியிருக்கீங்க."

கணவன் தரையைப் பார்த்தான். அன்று டாக்டர் நேரம் சொன்னபோது அவளும் பக்கத்தில்தான் இருந்தாள். மனதில் நிற்கவில்லை. கொடுத்ததை விழுங்கினாள், அவ்வளவுதான்.

பஸ்ஸில் அவன், "ரெண்டு திட்டு திட்டிடேன்," என்றான்.

"திட்டத் தெம்பு வேணாமா?"

அன்று ராத்திரி பத்து மணிக்குத் தோளைத் தொட்டான். "எந்திரி, கோவிச்சுக்காத."

"கோவிச்சுக்கணும்னா முதல்ல தூக்கம் கலையணுமே," என்று கண்ணைத் திறக்காமல் வாயைத் திறந்தாள்.

நான்கு நாள் போதவில்லை. ஒன்றாம் தேதி அவளைப் பார்சல் மேசைக்கு மாற்றினார்கள். அவளுடைய இடத்தில் வேறொருத்தி உட்கார்ந்தாள். இவள் அட்டைப்பெட்டிகளுக்கு டேப் ஒட்டினாள். மனது மரத்துத்தான் கிடந்தது.

மூன்றாவது வாரம் ஒரு காலை, ஒன்பது மணிக்கே டேப்பின் நுனியை நகத்தால் கிள்ளி எடுத்திருந்தாள். எடுத்த பிறகுதான் கவனித்தாள். எழுந்துபோய், "ஒரு பல்லு செஞ்சு காட்டவா?" என்று முதலாளியம்மாவிடம் கேட்டாள்.

ஒன்பதே முக்காலுக்குக் கடைவாய்ப்பல் ஒன்று தயாரானது. முதலாளியம்மா வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இனிமே இங்கயே உக்காரு."

சந்தோஷம் வருமென்று சற்று நேரம் காத்திருந்தாள். வரவில்லை. வரும்போது வரட்டும் என்று அடுத்த பல்லுக்கு மெழுகை உருக்க ஆரம்பித்தாள்.