மூன்றாம் மாடி ஜன்னல்

அன்ரனெற் இடக் கன்னத்தைச் சவரம் செய்து முடித்து, றேஸரைக் கிண்ணத்து வெந்நீரில் அலசினாள். "இப்ப மற்றப் பக்கம் திரும்புங்கோ."

கிளிபோட் திரும்பவில்லை. ரொறொன்ரோவின் ஸ்காபரோவில் இருந்த அந்திமப் பராமரிப்பு இல்லத்துக்கு அவர் வந்து பத்து நாளாகிறது. நுரையீரல் புற்றுநோய் இனி மருந்துக்கு அடங்காது என்று டொக்டர் சொல்லிவிட்டார். இரண்டு சொல் பேச இரண்டு மூச்சு வேண்டியிருந்தது.

"அன்ரனெற்... அந்தக் கோட்டையிலை... நீர் எத்தினையாம் மாடியிலை நிண்டனீர்?"

அவள் கை அப்படியே நின்றது.

ஏப்ரலில் மகன் றொய்சன் இருவரையும் ஜப்பானுக்குக் கூட்டிப்போயிருந்தான். அங்கே ஒரு குன்றின் உச்சியில் அந்த ஐந்து மாடிக் கோட்டை. பழையது எரிந்துபோக, கொங்கிறீற்றில் திருப்பிக் கட்டி, உள்ளே மியூசியம் வைத்திருந்தார்கள். வாசல் வரைக்கும் வாடகை வானில் போனார்கள். அதற்கு மேல் கிளிபோட்டால் ஏலவில்லை. சுவரில் உள்ளங்கையை வைத்துத் தடவிப் பார்த்து, "நல்ல வேலை" என்றார். முப்பது வருடம் ரொறொன்ரோவின் உயர்ந்த கட்டடங்களுக்குக் கொங்கிறீற் போட்டவர். வாசலோரத்து மர வாங்கில் உட்கார்ந்துகொண்டு மனைவியை மேலே அனுப்பினார்.

"நான் ஒவ்வொரு நாளும் உயரத்திலை நிண்டு பாத்ததை நீர் ஒருநாளும் பாக்கேல்லை. இண்டைக்குப் பாரும். போனிலை எனக்கும் காட்டும்."

அன்ரனெற்றுக்கு உயரம் என்றாலே கால் கூசும். வாள்களும் போர்க்கவசங்களும் வைத்திருந்த தளங்களைச் சுவரோடு ஒட்டிக்கொண்டு கடந்தாள். மூன்றாவது மாடியில் படி நெட்டுக்குத்தாக எழுந்து நின்றது. றொய்சன் கை நீட்டியும் அவள் அசையவில்லை. வீடியோ அழைப்பில் இருந்த போனை ஜன்னலால் நீட்டி, "உச்சிக்கு வந்திட்டன், கடல் தெரியுதே?" என்று கேட்டாள். கீழே அவர் தொப்பியைக் கழற்றி ஆட்டினார்.

அதற்குப் பிறகு வீட்டுக்கு வந்தவர்களுக்கெல்லாம், "என்ரை மனுசி அஞ்சாம் மாடி வரைக்கும் ஏறினவ" என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு முறையும் அவள் தேத்தண்ணி போடுகிற சாட்டில் குசினிக்குள் போய்விடுவாள்.

"மூண்டிலை," என்றாள் இப்போது. "அங்காலை ஏலாமப் போச்சு. உங்களுக்குப் பொய் சொல்லிப்போட்டன்."

"தெரியும்."

"என்னெண்டு?"

"பைன் மரத்தின்ரை நுனி... ஜன்னலுக்கு மேலை நிண்டது."

"அப்ப ஏன் எல்லாருக்கும் அஞ்சு எண்டு சொல்லித் திரிஞ்சனீங்கள்?"

அவர் உதடு சிரிப்பில் ஒரு பக்கமாக இழுபட்டது. "எங்களுக்குத்தான் மூண்டு... மற்ற ஆக்களுக்கு அஞ்சுதானே."

அவள் சிரித்ததில் கிண்ணத்துத் தண்ணீர் போர்வையில் சிந்தியது. துவாயை எடுத்து ஒற்றிக்கொண்டே சொன்னாள். "ஆனா கடல் நல்ல வடிவு. மரங்களுக்கு இடையாலை தீவுகள் ஒண்டுக்குப் பின்னாலை ஒண்டாய்த் தெரிஞ்சுது. கீழை உங்கடை தொப்பி மட்டும் வெள்ளையாய். கடலை விட்டிட்டு நான் அதைத்தான் பாத்துக்கொண்டு நிண்டனான்."

அவர் கண்ணை மூடியிருந்தார். நித்திரையாக்கும் என்று நினைத்தாள். ஈரத்தை ஒற்றி முடித்து நிமிர்ந்தபோதுதான் அவர் நெஞ்சு அசையாதது தெரிந்தது.

நர்ஸ் வந்து பார்த்தாள். காலை பத்து இருபது என்று குறித்துக்கொண்டு, அன்ரனெற்றின் தோளைத் தொட்டு, ஏதாவது வேண்டுமா என்று கேட்டாள். கொஞ்சம் வெந்நீர் வேண்டும் என்றாள் அன்ரனெற்.

வலக் கன்னத்துக்கு நுரை பூசினாள். காதடியில் அவர் எப்போதும் தவறவிடுகிற இடத்தையும் பார்த்து வழித்தாள். பிக்கரிங்கிலிருந்து றொய்சன் வந்து சேர்ந்தபோது முகம் துடைத்து முடித்திருந்தாள். அவன் அப்பாவின் கன்னத்தைப் புறங்கையால் தொட்டபடி நெடுநேரம் நின்றான்.

பின்னேரம் இருவரும் வீட்டுக்குப் புறப்பட்டார்கள். றொய்சனின் காரில் முன் ஸீற் பின்னுக்குத் தள்ளி, பாதி சாய்ந்து கிடந்தது. பத்து நாளைக்கு முன் கிளிபோட் அதில் கால் நீட்டிப் படுத்து இல்லத்துக்கு வந்தபடியே. றொய்சன் அதை நிமிர்த்தக் குனிந்தான்.

"இருக்கட்டும்," என்றாள்.

ஏறிச் சாய்ந்துகொண்டாள். அந்தச் சாய்வில் றோட்டுத் தெரியவில்லை. றொய்சன் ஹீற்றரை அவள் காலடிக்குத் திருப்பிவிட்டு, காரை மெல்ல எடுத்தான்.