வருஷத்துக்கு மூன்று மொட்டை

யமுனாக்கா, சனிக்கிழமை எனக்கு மொட்டையடிக்கக் கார்வேட்டிநகரத்திலிருந்து யாரும் கிளம்ப வேண்டாம் என்று அம்மாவிடம் சொல். காரணத்தை இந்த மெசேஜில் எழுதுகிறேன். நைனாவுக்குப் பாதி படித்துக் காட்டினால் போதும்.

வேலை பர்மனென்ட் ஆனால் மொட்டை என்று அம்மா வேண்டிக்கொண்டதும், ஆகிவிட்டது என்று நான் போன வாரமே சொன்னதும் உனக்குத் தெரியும். ஆகவில்லை. வெள்ளிக்கிழமைதான் முடிவு தெரிவதாக இருந்தது. ஆகாவிட்டால் சித்தூரில் மாமாவின் டைல்ஸ் கடை. மாமா இப்போதே எனக்கு ஸ்டூல் வாங்கி வைத்திருப்பார்.

திருப்பதியில் எங்கள் கம்பெனி பக்தர்களுக்கான சாமான்களை ஆப் மூலம் விற்கிறது. என் சொந்த யோசனையாக நான் கொண்டுவந்தது மொட்டை கிட். சந்தனம், துண்டு, தொப்பி, ஒரு சீப்பு. லாட்ஜ் அறைக்கே கொண்டுபோய்க் கொடுப்போம். விலை நூற்றி நாற்பத்தொன்பது. பொருளுக்கும் டெலிவரிக்கும் போக இருபத்து மூன்று ரூபாய் நிற்கும். ஆனால் ஒரு ஆளை விளம்பரம் போட்டுப் பிடிக்க அறுபத்தொரு ரூபாய் ஆகிறது. ஒரே ஆள் மூன்று தடவை வாங்கினால்தான் போட்ட பணம் திரும்பும். நான் மூன்று தடவை என்றே எழுதி, ரெண்டு லட்சத்துக்கு விளம்பரம் கேட்டேன்.

வெள்ளிக்கிழமை எங்கள் முதலாளி தாட்சாயணி மேடம் என் கணக்குத் தாளைப் பார்த்தார். நகரிக்காரர், சத்தம் போடவே மாட்டார். அதுதான் பயம்.

"இன்னா தீனா, மூணுன்னு போட்டுக்கினு இருக்க. எங்கருந்து வந்துச்சு இது?"

"வருஷத்துக்கு மூணு மொட்டை, மேடம்."

"யாரு அடிச்சிக்கிறாங்க?"

"எங்க வூட்ல அப்டித்தான், மேடம்."

பொய்யில்லையே அக்கா. ஒரே வருஷத்தில் நான் இன்டர் பரீட்சை பாஸானதற்கு ஒன்று, டெங்கு விட்டதற்கு ஒன்று, நைனாவின் போர்வெல்லில் தண்ணீர் வந்ததற்கு ஒன்று. தண்ணீர் வந்தது நைனாவின் நிலத்தில், முடி போனது என் தலையில். உலகமே அப்படி என்று நினைத்துவிட்டேன்.

கணக்குப் பார்க்கும் ஹரிபாபு எட்டிப் பார்த்தான். "மேடம், மொட்டைக்கு சீப்பு குடுக்கிறவனாண்ட போய் கேக்கிறீங்களே."

"நீ சும்மா இருப்பா," என்றார் மேடம். என் பக்கம் திரும்பினார். "இது உன் ப்ராடக்ட். ரெண்டு லட்சம் போட்லாமா வேணாமா, நீயே சொல்லு."

போடலாம் என்றால் வேலை நிலைக்கும் என்று ஒரு நிமிஷம் தோன்றியது. மூன்றை அழித்து ஒன்று என்று எழுதினேன். ஆளுக்கு முப்பத்தெட்டு ரூபாய் நஷ்டம். ரெண்டு லட்சம் போட்டால் ஒன்றேகால் லட்சம் போய்விடும்.

"வேணாம், மேடம்," என்றேன். டைல்ஸ் கடை ஸ்டூல் கண்ணுக்குத் தெரிந்தது.

"அப்போ கிட்டு?"

"லாட்ஜ் கவுன்டர்லயே மொத்தமா வெச்சிட்லாம். வெளம்பரம் இல்ல, ரூமுக்கு ரூம் டெலிவரி இல்ல. லாட்ஜுக்காரருக்கு இருவது ரூபா குட்த்தாலும் ஒரு கிட்டுக்கு முப்பது நிக்கும்."

"சீப்பு?"

"எட்த்துட்றேன், மேடம்."

அவர் தாளை மடித்து என்னிடம் கொடுத்தார். "பத்து லாட்ஜ்ல வெச்சிப் பாரு. மூணு மாசம் டைம். அப்பறம் பேசலாம் பர்மனென்ட் பத்தி."

அதனால் வேலை போகவில்லை. ஆகவும் இல்லை. அம்மா சாமிக்குப் பாக்கி வைத்ததாக நினைக்க வேண்டாம். இன்னும் கொடுக்க வேண்டியதே வரவில்லை.

மூன்று மாசம் கழித்து பர்மனென்ட் ஆகிவிட்டால் எல்லோரும் வாருங்கள், தலையைக் கொடுக்கிறேன். ஆனால் கிட்டை லாட்ஜில் முழு விலை கொடுத்து வாங்குங்கள். திரும்பத் திரும்ப மொட்டையடிக்கும் குடும்பம் எங்கள் கம்பெனிக்குத் தெரிந்து ஒன்றுதான் இருக்கிறது.