பின்னுக்கு வருமா?

கொத்தமங்கலத்தில் பெரிய வீடு ஒன்றின் பின்புறத் தோட்டத்தில், கிணற்றைப் பார்த்தபடி நின்றிருந்தது அந்த டிராக்டர். கப்பலில் வந்து இறங்கி மூன்று வருஷம் ஆகிறதாம். பின் சக்கரங்கள் இரண்டும் முழு இரும்பு, சுற்றிலும் பல் பல்லாகத் தகடு. மாடு வாங்க வந்தால் சுழி பார்க்கலாம், வாயைப் பிளந்து பல் பார்க்கலாம், வாலைத் தூக்கிப் பார்க்கலாம். இதில் எதைத் தூக்கிப் பார்ப்பது என்று தெரியாமல் வந்தவர்கள் இரண்டு சுற்று சுற்றிவிட்டு நின்றார்கள்.

சாக்கோட்டைப் பக்கத்திலிருந்து வண்டி கட்டிக்கொண்டு வந்தவர்கள் மூன்று பேர். அண்ணன் நாகநாதன், தம்பி சேவுகன், அவர்கள் தோட்டத்தில் பதினோரு வருஷமாக மாடு பூட்டிக் கிணற்றுத் தண்ணீர் இறைக்கும் கமலை ஓட்டும் மாயக்கண்ணன். அண்ணன் தம்பிக்கு அறுபது ஏக்கர், இன்னும் பாகம் பிரியவில்லை. பிரித்துக் கொடுங்கள் என்று தம்பி நான்கு வருஷமாகக் கேட்கிறார். என் கட்டை வேகிற மட்டும் நடக்காது என்று அண்ணன் சொல்லிவிட்டார். அண்ணனுக்குப் பிள்ளை குட்டி கிடையாது. இத்தனைக்கும் வழி நெடுக ஒரே வண்டியில் தோளோடு தோள் உரசிக்கொண்டு, வெற்றிலை மாற்றிக்கொண்டுதான் வந்தார்கள்.

மாயக்கண்ணன்தான் வழியெல்லாம் மாட்டு முதுகையே பார்த்துக்கொண்டு வந்தான். கிளம்பும்போதே சேவுகன் சொல்லிவிட்டார்.

"இந்த டிராக்டர் வண்டி வந்துட்டா மாடு அத்தனையும் சந்தைக்குப் போயிரும், மாயக்கண்ணா. நீ இதைப் பழகிக்கிட்டா நீதான் டிரைவர். இல்லேன்னா மதுரையில இருந்து ஒருத்தனைக் கூட்டியாந்துருவேன். அவனுக்கு உன் குடிசைதான் இருக்கு."

மூன்று பெண் பிள்ளைகளை வைத்திருக்கிறவனிடம் பேசுகிற பேச்சா இது? ஆனால் சேவுகன் கோபமாகச் சொல்லவில்லை. மழை வரும்போலத் தெரிகிறது என்பதுபோலச் சொன்னார். அதுதான் மாயக்கண்ணனை உலுக்கியது.

வீட்டுக் கணக்கப்பிள்ளை பூமிநாதன் சாவிக்கொத்தோடு வந்தார். வீட்டுக்காரர் செட்டியார் போன ஆனியில் கால் தவறி இதே கிணற்றில் விழுந்து இறந்துபோனது சுற்றுவட்டாரம் அறிந்த சேதி. அதன் பிறகு அவர் மனைவி கல்யாணசுந்தரி ஆச்சிக்கு இந்த வண்டி கண்ணில் படவே கூடாதாம். விற்றுத் தொலையுங்கள் என்று சொல்லிவிட்டாராம்.

"எனக்குக் கிளப்பத் தெரியும், நிப்பாட்டத் தெரியும். கியர் எது எதுக்குன்னு தெரியாது. ஓட்டிக்கிட்டிருந்த பெத்தன் பினாங்குக்குக் கப்பலேறிட்டான். கம்பெனிக்காரன் குடுத்த புஸ்தகத்தைக் கரையான் தின்னுருச்சு" என்றார் பூமிநாதன்.

கியர் கம்பியின் உச்சியில் வெண்கலக் குமிழ் ஒன்று இருந்தது. அதில் ஏதோ எழுத்து இருந்த தடம் தெரிந்தது, எழுத்து இல்லை. கம்பியை நாலு பக்கமும் தள்ளலாம். நாலு பள்ளத்தில் விழுந்தது. அவ்வளவுதான் தெரிந்தது.

நாகநாதன் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"பின்னுக்கு வருமா?"

கமலை மாடு வாங்கிப் பழகிய வாய் வேறு எதைக் கேட்கும்? சாலில் தண்ணீரை இழுத்துக்கொண்டு முன்னால் இறங்குகிற மாடு, திரும்பாமல் பின்னாலேயே நடந்து கிணற்றடிக்கு ஏற வேண்டும். பின்னுக்கு வராத மாட்டை அந்தச் சீமையில் இனாமாகக் கொடுத்தாலும் வாங்கமாட்டார்கள். பின்னுக்கு நடத்திக் காட்டாமல் யாரும் விலை பேசி முடிப்பதில்லை.

"அதைப் பாத்துட்டுத்தான் மத்த பேச்சு" என்று சொல்லிவிட்டு நாகநாதன் மாமர நிழலுக்குப் போய்விட்டார்.

மாயக்கண்ணன் மூளை வேலை செய்தது. கடப்பாரை போட்டு நெம்பி, பின் அச்சுக்கு அடியில் கல் அடுக்கி, சக்கரம் தரையில் படாமல் தூக்கி நிறுத்தச் சொன்னான். இஞ்சினைக் கிளப்பவில்லை. பிளக்குகளைக் கழற்றச் சொல்லிவிட்டு, மடியிலிருந்த சுண்ணாம்பை எடுத்துச் சக்கரத்தில் ஒரு பொட்டு வைத்தான். கம்பியை ஒரு பள்ளத்தில் தள்ளினான். பூமிநாதன் முன்னால் நின்று கைப்பிடியை மெல்லச் சுற்றினார். பொட்டு முன்னுக்கு நகர்ந்தது. அடுத்த பள்ளம், அதே சுற்று. பொட்டு இன்னும் அதிகம் நகர்ந்தது. மூன்றாவதில் அதையும் தாண்டியது. நான்காவது பள்ளத்தில் பொட்டு பின்னுக்கு வந்தது. மெதுவாக முன்னுக்குப் போகிற பள்ளத்துக்கு நேர் எதிரே இருந்தது அது.

"அட, கெட்டிக்காரப் பயலே!" என்று சேவுகன் முதுகில் தட்டினார். மாயக்கண்ணனுக்குக் கண் கலங்கிவிட்டது. குடிசை தப்பியது என்றுதான் நினைத்தான்.

பிளக்கை மாட்டி முடிப்பதற்குள் கை கழுவப் போனான். கிணற்றடியில் தென்னைக்குத் தண்ணீர் கட்டுகிற மலையம்மாள் குடத்தைச் சாய்த்து ஊற்றினாள். ஊற்றிக்கொண்டே தாழ்ந்த குரலில் கேட்டாள்.

"நீங்களா ஓட்டப்போறீக?"

"ஆமா."

"செட்டியாரு கால் தவறி விழுகலண்ணே. பெத்தன் இல்லாத நேரம் பாத்து இதுல ஏறினாக. பின்னுக்கு எடுக்கிறேன்னு சொன்னாக. அது முன்னுக்குப் பாஞ்சு இந்தச் சுவத்துல முட்டுச்சு. வண்டி நின்னுருச்சு, அவுக மட்டும் உள்ள போயிட்டாக. நான் சொன்னேன்னு சொல்லிறாதீக."

கையிலிருந்த தண்ணீர் முழங்கை வரை வழிந்தது. செட்டியாருக்குக் கியர் தெரிந்திருக்காது, தப்பான பள்ளத்தில் போட்டிருப்பார் என்று மாயக்கண்ணன் தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். கல்லை எடுத்தார்கள். பூமிநாதன் கிளப்பினார். இஞ்சின் போட்ட சத்தத்தில் மாமரத்துக் காகம் அத்தனையும் பறந்துபோயின. மாயக்கண்ணன் ஏறி உட்கார்ந்து, பின்னுக்கு உரிய பள்ளத்தில் கம்பியைத் தள்ளி, கிளச்சிலிருந்து காலை எடுத்தான்.

வண்டி ஒரு முழம் பின்னுக்கு வந்தது. பாரம் ஏறியதும் கம்பி தானாகவே நடுங்கிற்று. நடுங்கி, பள்ளத்திலிருந்து நழுவி, எதிர்ப் பள்ளத்தில் போய் விழுந்தது. வண்டி கிணற்றை நோக்கித் துள்ளியது. அவன் கிளச்சை ஏறி மிதித்தான். நின்றது. செட்டியார் தப்பான பள்ளத்தில் போடவில்லை. சரியாகத்தான் போட்டிருக்கிறார்.

மறுபடி போட்டான். இந்த முறை கம்பியைத் தொடையால் இறுக்கி அண்டக் கொடுத்துக்கொண்டான். வண்டி பசுவைப்போலப் பின்னுக்கு வந்தது. இருபது அடி வந்து நின்றது. முதலில் துள்ளியது பழக்கக் குறை என்று பார்த்தவர்கள் எடுத்துக்கொண்டார்கள். பூமிநாதன் மோர்ச் செம்போடு நாகநாதனிடம் நல்ல சேதி சொல்லப் போனார்.

இப்போது மாயக்கண்ணன் வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. ஏனென்றால் அவன் கமலைக்காரன். கமலை மாடு ஒவ்வொன்றுக்கும் ஒரு கோணல் உண்டு. அது அதை ஓட்டுகிறவனுக்கு மட்டும்தான் தெரியும், அவன் பெண்டாட்டிக்குக்கூடச் சொல்லமாட்டான். மாயக்கண்ணன் ஓட்டுகிற செவலை மாடு இடது காது மடலைத் தொட்டால்தான் பின்னுக்கு நடக்கும். ஒரு தரம் சேவுகன் வேறொருவனைக் கமலையில் விட்டுப் பார்த்தார். செவலை அசையவில்லை. மூன்றாம் நாள் மாயக்கண்ணனைத் திரும்பக் கூப்பிட்டுக் குடிசை வாசலுக்கு ஆள் வந்தது. பதினோரு வருஷச் சோறு அந்தக் காது மடலில்தான் இருந்தது. பெத்தனும் இந்தக் கம்பியின் கோணலை அப்படித்தான் தன்னோடே வைத்திருந்திருப்பான் என்று இப்போது புரிந்தது. புரிந்தும் வாய் திறக்கவில்லை. நான்தானே ஓட்டப்போகிறேன், என் தொடை இருக்கிறது என்று நினைத்துக்கொண்டான்.

வண்டியைப் பழைய இடத்துக்கே, கிணற்றுக்கு எதிரே கொண்டுவந்து நிறுத்தினான். பிழைத்தோம் என்று இறங்கினான். சேவுகன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏறினார்.

"நானும் ஒருக்கா பின்னுக்கு எடுத்துப் பாக்குறேன்."

கம்பியைச் சரியான பள்ளத்தில்தான் தள்ளினார். கிளச்சில் இருந்த கால் மெல்ல எழும்பியது. இன்னும் ஒரு மூச்சு பொறுத்தால் எல்லாம் முடிந்துவிடும் என்று தெரிந்தபோது மாயக்கண்ணனால் பொறுக்க முடியவில்லை. பாய்ந்து ஏறி அவர் முழங்காலை அமுக்கிப் பிடித்தான்.

"எடுக்காதீக சின்னய்யா! அந்தக் கம்பி நழுவும். தொடையால அண்டக் குடுக்கலேன்னா முன்னுக்குப் பாஞ்சிரும். செட்டியாரு அப்படித்தான் போனாக. எனக்குத் தெரியும். தெரிஞ்சும் சொல்லல, என்னைய மன்னிச்சிருங்க!"

இஞ்சின் இரைச்சலில் அது சேவுகன் காதில் மட்டும்தான் விழுந்தது. அவர் கம்பியை நடுவுக்குத் தள்ளிவிட்டு இறங்கினார். அறை விழும் என்று மாயக்கண்ணன் கண்ணை மூடிக்கொண்டான். விழவில்லை. கண்ணைத் திறந்தபோது சேவுகன் கிணற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு திரும்பி, மாமர நிழலில் மோர் குடித்துக்கொண்டிருந்த அண்ணனைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"இது வேற யாருக்குத் தெரியும்?"

"பெத்தனுக்குத் தெரிஞ்சிருக்கும். இங்க யாருக்கும் தெரியாதுங்கய்யா."

"நல்லது. நீதான் டிரைவர். குடிசை இருக்கிற மனையை உன் பேருக்கே எழுதித் தந்துர்றேன்."

கேட்ட வரம் கிடைத்துவிட்டது. மாயக்கண்ணனுக்குச் சந்தோஷம் வரவில்லை. ஏன் வரவில்லை என்று அவன் யோசிப்பதற்குள் சேவுகன் துண்டை உயர்த்தி வீசி, சிரித்த முகத்தோடு கூப்பிட்டார்.

"அண்ணே! பின்னுக்கு அருமையா வருது! நீங்களும் ஒருக்கா ஏறிப் பாருங்கண்ணே!"

நாகநாதனுக்கு ஆசை இல்லாமலா? வாயைத் துடைத்துக்கொண்டு, சின்னப் பிள்ளைபோல வேகமாக வந்தார். தம்பி கை கொடுத்து ஏற்றிவிட்டு, பின்னுக்கு உரிய பள்ளத்தையும் கிளச்சையும் காட்டினார். இருக்கையில் சரியாக உட்கார்ந்துகொண்டு குமிழைப் பிடித்தவர், கீழே நின்ற மாயக்கண்ணனைப் பார்த்துக் குனிந்து சத்தமாகக் கேட்டார்.

"ஏம்ப்பா, இதுல சூட்சுமம் ஏதும் இருக்கா?"

சேவுகனின் கை மாயக்கண்ணன் தோளில் வந்து உட்கார்ந்தது. அழுத்தவில்லை, சும்மாதான் இருந்தது.

"ஒண்ணும் இல்லைங்க பெரியய்யா" என்றான் மாயக்கண்ணன்.