முத்தாலம்மாள் இருமிய படம்

"இன்னிக்கு வேணாம் முத்தாலம்மா," என்றாள் கீதா. கேட்டைத் திறக்கவில்லை.

"சங்கரா மீனு கீதாம்மா. காலைல கோவளத்துல எறங்குனது. செவுளப் பாரு, ரத்தமா கீது."

"வேணாம்."

"போன வாரமும் இதான் சொன்ன. வெரதமா இன்னா?"

"அதெல்லாம் இல்ல. உடம்பப் பார்த்துக்கோ. மாத்திரையெல்லாம் ஒழுங்கா சாப்பிடுறியா?"

"எனுக்கு இன்னாத்துக்கு மாத்திரை?"

கீதா உள்ளே போய்விட்டாள்.

சேலையூரின் அந்தத் தெருவில் முத்தாலம்மாள் வருஷக்கணக்காக மீன் விற்கிறாள். அவள் குரல் கேட்டாலே பாத்திரத்தோடு வாசலுக்கு வருவார்கள். அன்று ஒருவரும் வரவில்லை. கடைசி அபார்ட்மெண்ட் வாட்ச்மேன் தயாளன்தான் கூப்பிட்டான்.

"யக்கா, மெயின் ரோட்டு பஸ் ஸ்டாப்புல புதுசா ஒரு போர்டு வெச்சிகிறான், பாத்தியா?"

"நான் இன்னா படிச்சா கீறேன்?"

"படிக்க வேணாம். உன் மூஞ்சிதான் அதுல கீது."

போய்ப் பார்த்தாள். இருந்தது. ஆள் உயரத்துக்கு அவள் முகம். கண்ணை இறுக்கி, முந்தானையால் வாயைப் பொத்தி இருமிக்கொண்டிருந்தாள். பஸ்ஸுக்கு நின்ற ஒரு பெண்ணிடம் கேட்டாள்.

"இன்னா கண்ணு எழுதிகிறான்?"

"'இரண்டு வாரத்துக்கு மேல் இருமலா? காசநோயாக இருக்கலாம்.' ஆன்ட்டி... இது நீங்களா?"

"நான்தான். ஆனா நோவு இல்ல கண்ணு, அடுப்புப் பொகை."

அந்தப் பெண் தலையாட்டிக்கொண்டே தள்ளிப் போய் நின்றாள்.

மகன் அருண்ராஜ் வீட்டில் போனும் கையுமாக இருந்தான். பழைய கேமரா ஒன்றை வாங்கி, வீடியோ பார்த்துப் பார்த்தே படம் எடுக்கக் கற்றுக்கொண்டவன். வெளிச்சம் எந்தப் பக்கம் விழ வேண்டும் என்பதெல்லாம் இப்போது அவனுக்கு அத்துப்படி. இன்டர்நெட்டில் படம் விற்கிற ஏதோ ஒரு சைட்டில் போடுவான். விற்றால் அவன் கணக்குக்குப் பணம் வரும்.

"அடுப்புகிட்ட என்னிய எடுத்தியே, அத யார்கிட்டடா குடுத்த?"

"யார்கிட்டயும் குடுக்கலம்மா. சைட்ல கீது, யார் வேணா வாங்கலாம். என் படத்துலயே அதான் நல்லா போவுது. ஏன்?"

சொன்னாள். அவன் முகம் செத்துப்போனது. பிறகு, "கீழ சின்ன எழுத்துல 'படத்தில் இருப்பவர் மாடல்'னு போட்டிருப்பாங்கம்மா. போடணும்னு ரூல்ஸ் கீது," என்றான்.

"நானு மாடலு! சர்தான். நாளைக்கு வந்து அந்தச் சின்ன எழுத்த கீதாம்மாக்குப் படிச்சிக் காட்டு. அந்தத் தெரு போச்சுன்னா நமக்குச் சோறு ஏதுடா?"

மறுநாள் அவளோடு போனான். போர்டைப் படமெடுத்து, அந்த எழுத்தைப் பெரிதாக்கிக் காட்டினான். கீதா கேட்டுக்கு உள்ளேயிருந்தே பார்த்தாள்.

"சரி தம்பி. ஆனா இது உங்கம்மாதானே?"

"ஆமா மேடம்."

"இருமுறாங்கதானே?"

"பொகையில மேடம். நான்தான் இன்னும் கிட்டப் போய் நில்லும்மான்னேன். இருமினா எக்ஸ்பிரஷன் நல்லா வரும்னு..."

"வீட்ல கைக்குழந்தை இருக்கு தம்பி. தப்பா எடுத்துக்காதீங்க."

திரும்பி வரும் பஸ்ஸில், விற்காத மீனின் வாடைக்குப் பக்கத்து சீட்டுக்காரர் எழுந்து முன்னால் போனார். அருண்ராஜ் போனில் எதையோ அழுத்தினான்.

"சைட்லேர்ந்து தூக்கிட்டேம்மா."

"அப்ப போர்டு போயிடுமா?"

"ஏற்கெனவே வாங்கினவங்கள ஒண்ணும் பண்ண முடியாது."

வண்டலூர் தாண்டியதும் அவன் பக்கம் திரும்பினாள்.

"உன் தங்கச்சி படம் எதுனா போட்டுகிறியா?"

அவன் போனைப் பைக்குள் போட்டான்.

"சொல்லுடா."

"ஒண்ணு. பிளஸ் டூல மார்க் கொறஞ்சப்ப ஜன்னல்கிட்ட உக்காந்து அழுதாளே, அது. சைடுல வெளிச்சம் நல்லா விழுந்திச்சு."

"எவனாச்சும் வாங்குனானா?"

"போன மாசம்."

"வயசுப் பொண்ணு அழுவுற படம். எதுக்குடா வாங்குனான்?"

"அது நமக்குச் சொல்ல மாட்டாங்கம்மா."